என்பிஏ வேலையைக் கேள்வித்தாளில் இருந்து தொடங்குங்கள்

துறைக்கு என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் வாங்க வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்ததும், ஃபைல்களை ஓரளவு ஒழுங்காக வைத்திருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு "நீங்கதான் கோஆர்டினேட்டர்" என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் ஈஇஇ (மின், மின்னணுப் பொறியியல்) துறையில் அந்த ஆள் நான். மேற்கு மாவட்டம் ஒன்றில், அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் கல்லூரி எங்களுடையது. தன்னாட்சி கிடையாது. பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழகம் தருகிறது, செமஸ்டர் தேர்வையும் அதுவே நடத்துகிறது. நம் கையில் இருப்பவை வகுப்பறை, லேப், இன்டர்னல் தேர்வு, பிராஜெக்ட். இதே நிலைமையில் இந்தப் பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், எதற்கு விண்ணப்பிக்கிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும். உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் நாக் அமைப்பு, கல்லூரி முழுவதையும் ஒன்றாகப் பார்க்கிறது. என்பிஏ ஒவ்வொரு பாடப்பிரிவையும் தனித்தனியாகப் பார்க்கிறது. ஒரே வளாகத்தில் சிவிலுக்குக் கிடைத்து ஈஇஇ-க்குக் கிடைக்காமல் போகலாம். 1994-இல் ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழு) தொடங்கிய வாரியம் இது. 2010-இல் தன்னாட்சி அமைப்பானது. 2014 ஜூனில் இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையில் (பொறியியல் படிப்புகளின் அங்கீகாரத்தை உறுப்பு நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் ஏற்பாடு) நிரந்தர உறுப்பினர் ஆனது இந்த வாரியத்தின் வழியாகத்தான். ஆனால் அந்த உடன்படிக்கையின் பலன் டயர்-1 முறையில் அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு மட்டுமே. அதாவது பல்கலைக்கழகத் துறைகள், ஐஐடி, என்ஐடி போன்றவை, தன்னாட்சிக் கல்லூரிகள். இணைவுக் கல்லூரிகளான நாம் டயர்-2. அட்மிஷன் நோட்டீஸில் "வாஷிங்டன் உடன்படிக்கை" என்று போடச் சொல்லி யாராவது கேட்டால் உறுதியாக மறுத்துவிடுங்கள். கடன் வாங்கி ஃபீஸ் கட்டும் பெற்றோர் அந்த வரியை நம்பித்தான் பிள்ளையைச் சேர்க்கிறார்கள்.

அடுத்தது, எஸ்ஏஆர் எனப்படும் சுயமதிப்பீட்டு அறிக்கையின் எந்த வடிவம் உங்களுக்குப் பொருந்தும் என்று பாருங்கள். 2015 முதல் புழக்கத்தில் இருந்த வடிவத்தில் 10 அளவுகோல்கள், 12 பிஓ-க்கள் (படிப்பை முடிக்கும்போது மாணவனிடம் இருக்க வேண்டிய திறன்கள்), மொத்தம் 1000 மதிப்பெண். 2021-இல் சர்வதேச அளவில் பொறியியல் பட்டதாரிக்கான பண்புகள் திருத்தப்பட்டதை ஒட்டி என்பிஏ கொண்டுவந்த புதிய வடிவத்தில் பிஓ-க்கள் 11. சமூகம், சுற்றுச்சூழல் என்று தனித்தனியாக இருந்த இரண்டும் ஒன்றாகிவிட்டன. பக்கத்துத் துறையிலோ நண்பரின் கல்லூரியிலோ வாங்கிய பழைய ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு எழுத ஆரம்பிக்காதீர்கள். வாரியத்தின் தளத்தில் இருந்து இன்றைய படிவத்தை நீங்களே இறக்கி, ஒரு முறை முழுசாகப் படியுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலான துறைகளில் வேலை தொலைநோக்கு வாசகத்தில் தொடங்குகிறது. அதற்கு மூன்று மீட்டிங் போடுவார்கள். "உலகத் தரம் வாய்ந்த" என்று ஆரம்பிப்பதா, "சமூகப் பொறுப்புள்ள" என்று ஆரம்பிப்பதா என்று விவாதம் நடக்கும். பிறகு அதை ஃபிரேம் போட்டு வராந்தாவில் மாட்டுவார்கள். அதுவும் தேவைதான், படிவத்தில் அதற்கும் மதிப்பெண் இருக்கிறது. ஆனால் அந்த வாசகம் ஒரு மாணவனுக்கும் எதையும் கற்றுத்தருவதில்லை. உங்கள் துறையில் மாணவன் என்ன கற்றான் என்பது பதிவாகும் முதல் இடம் இன்டர்னல் கேள்வித்தாள். அங்கே தொடங்குங்கள்.

கேள்வித்தாளைச் சிஓ-வோடு வைத்துப் பாருங்கள்

ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்தாறு சிஓ எழுதியிருப்போம். பாடம் முடியும்போது மாணவனால் என்ன செய்ய முடியும் என்பதைச் சொல்லும் வாக்கியங்கள். எங்கள் எலெக்ட்ரிக்கல் மெஷின்ஸ் பாடத்தில் ஒன்று இப்படி: "ஓப்பன் சர்க்கியூட், ஷார்ட் சர்க்கியூட் சோதனை அளவீடுகளில் இருந்து ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் செயல்திறனைக் கணிக்க முடியும்." நல்ல வாக்கியம். ஆனால் பழைய இன்டர்னல் தாள்களை எடுத்துப் பார்த்தால், அந்த சிஓ-வுக்கு நேராக இருந்த 13 மதிப்பெண் கேள்வி, "ஓப்பன் சர்க்கியூட், ஷார்ட் சர்க்கியூட் சோதனைகளைப் படத்துடன் விளக்குக" என்பது. நோட்ஸை மனப்பாடம் செய்தவன் 12 வாங்குவான். அவனால் கணிக்க முடியுமா என்பது நமக்குத் தெரியாது. ஆனால் அந்த 12 மதிப்பெண்ணை வைத்து "சிஓ நிறைவேறியது" என்று எக்செல் ஷீட்டில் பதிவு செய்திருப்போம்.

இப்போது அதே கேள்வியை இப்படி மாற்றுங்கள். 5 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர். ஓப்பன் சர்க்கியூட் சோதனையில் வாட்மீட்டர் 60 வாட் காட்டுகிறது. முழுச்சுமை மின்னோட்டத்தில் ஷார்ட் சர்க்கியூட் சோதனை செய்தால் 120 வாட். பவர் ஃபேக்டர் 0.8. முழுச்சுமையிலும் பாதிச்சுமையிலும் செயல்திறன் என்ன? கிடைத்த இரண்டு விடைகளைப் பற்றி உன் கருத்து என்ன?

போட்டுப் பாருங்கள். முழுச்சுமையில் வெளிவருவது 4000 வாட், இழப்பு 180. பாதிச்சுமையில் வெளிவருவது 2000 வாட். இரும்பு இழப்பு அதே 60, தாமிர இழப்பு நான்கில் ஒரு பங்காகி 30, ஆக 90. இரண்டிலும் செயல்திறன் 95.69 சதவீதம். எண்களை இப்படி வேண்டுமென்றே வைத்தேன். சூத்திரத்தை மட்டும் தெரிந்தவன் "எங்கேயோ தப்பு பண்ணிட்டோம்" என்று அடித்துத் திருத்துவான். புரிந்தவன், இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு சுமையில் செயல்திறன் உச்சத்துக்குப் போய்த் திரும்புகிறது என்று எழுதுவான். இன்னும் ஒரு படி போகிறவன், இரும்பு இழப்பும் தாமிர இழப்பும் சமமாகும் இடம் சுமார் 71 சதவீதச் சுமை என்று கணக்கிட்டுக் காட்டுவான். ஒரே கேள்வியில் வகுப்பு மூன்றாகப் பிரிந்து தெரியும். முதல் தடவை இப்படிக் கேட்டபோது சராசரி கணிசமாக இறங்கியது. விடைத்தாள்களைத் திருத்தி முடித்தபோதுதான், எந்த இடத்தில் மறுபடி பாடம் எடுக்க வேண்டும் என்பது எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

துறையில் எல்லோரையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு பாடத்திலும் இன்டர்னலுக்கு ஒரு கேள்வி, அதுவும் பெரிய கேள்வி, சிஓ சொல்வதை அப்படியே சோதிக்கும்படி இருக்கட்டும். தாளை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அந்தப் பாடம் எடுக்காத ஒரு ஆசிரியர் பார்க்கட்டும். அவர் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: இதை நோட்ஸைப் பார்த்து அப்படியே எழுதிவிட முடியுமா? முடியும் என்றால் கேள்வி திரும்பி வரும். அவர் பென்சிலில் எழுதிய குறிப்போடு அந்த வரைவுத் தாளையும் கோர்ஸ் ஃபைலில் வையுங்கள். கேள்வித்தாளின் தரத்தைப் பார்க்கிறோம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

அட்டெயின்மென்ட் கணக்கு

ஒரு சிஓ எவ்வளவு நிறைவேறியது என்று எண்ணில் காட்டும் இந்தக் கணக்கைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். எட்டாம் வகுப்புக் கணக்குதான். 60 பேர் வகுப்பில், ஒரு சிஓ-வுக்கான கேள்விகளில் நாம் வைத்த இலக்கு மதிப்பெண்ணை 44 பேர் தாண்டினார்கள் என்று வைத்துக்கொள்வோம். 73 சதவீதம். 60 சதவீத மாணவர்கள் தாண்டினால் நிலை 1, 70 என்றால் 2, 80 என்றால் 3 என்று துறை முடிவு செய்திருந்தால், இது நிலை 2. செமஸ்டர் தேர்வில் 38 பேர் தாண்டினார்கள், 63 சதவீதம், நிலை 1. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் 60. அதே விகிதத்தை எடுத்துக்கொண்டால் 0.4 × 2 + 0.6 × 1 = 1.4. அந்த சிஓ ஒரு பிஓ-வோடு 3 என்ற வலுவில் (பிஓ-வுக்கு அது எவ்வளவு உதவுகிறது என்பதற்கான எண், அதிகபட்சம் 3) மேப் ஆகியிருந்தால் 1.4 முழுசாகப் போகும். 2 என்றால் மூன்றில் இரண்டு பங்கு, 0.93. முடிந்தது.

இணைவுக் கல்லூரிகளுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. பல்கலைக்கழகம் நமக்குத் தருவது கிரேடு. எந்தக் கேள்விக்கு எத்தனை மதிப்பெண் என்ற விவரம் நம்மிடம் வராது. அதனால் ஒரு குறிப்பிட்ட கிரேடும் அதற்கு மேலும் வாங்கியவர்களை இலக்கைத் தாண்டியவர்களாகக் கொள்வது என்று முன்கூட்டியே முடிவு செய்து, அந்த ஒரே எண்ணைப் பாடத்தின் எல்லா சிஓ-வுக்கும் போட வேண்டிவரும். ஆக, ஒரு சிஓ-வுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் காட்டக்கூடியது இன்டர்னல் மட்டும்தான். இன்டர்னல் தாள் சரியில்லை என்றால் உங்கள் அட்டெயின்மென்ட் ஷீட் முழுவதும் வெறும் எண்களே. நான் கேள்வித்தாளையே சுற்றிச் சுற்றி வருவதற்கு இதுதான் காரணம்.

மேப்பிங் அட்டவணையில் 3-ஆகப் போட்டு நிரப்பாதீர்கள். சர்க்கியூட் தியரி பாடத்துக்கும் சுற்றுச்சூழல் பற்றிய பிஓ-வுக்கும் என்ன சம்பந்தம்? கட்டம் காலியாக இருப்பதில் தப்பே இல்லை. ஒரு கட்டத்தில் எண் போட்டால், அதற்கு ஆதாரமாக எந்தக் கேள்வி, எந்த அசைன்மென்ட், எந்தச் சோதனை என்று கைநீட்டிக் காட்ட முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்த எண்ணை அழியுங்கள். நெறி, குழுவேலை, கருத்துப் பரிமாற்றம் போன்ற பிஓ-க்களுக்குத் தியரி பாடங்களில் போய்ச் சான்று தேட வேண்டாம். அவை பிராஜெக்டிலும் லேபிலும் கிடைக்கும். பிராஜெக்ட் ரிவ்யூவுக்கு வேறு துறை ஆசிரியர் ஒருவரைக் கட்டாயம் உட்கார வையுங்கள். தன் துறையைச் சேராதவருக்குப் புரியும்படி மாணவனால் சொல்ல முடிகிறதா என்று ரூப்ரிக்ஸில் (மதிப்பெண் போடுவதற்கான அட்டவணை) ஒரு வரி சேருங்கள். நான்கு பேர் குழுவில் யார் எதைச் செய்தார்கள் என்று தனித்தனியாகக் கேட்டு, தனித்தனியாக மதிப்பெண் போடுங்கள். நால்வருக்கும் ஒரே மதிப்பெண் இருந்தால் அது குழுவேலைக்குச் சான்று ஆகாது.

அந்த சிஓ-வுக்குத் துறை வைத்த இலக்கு 2, கிடைத்தது 1.4 என்று வைத்துக்கொள்வோம். சரி, அப்புறம்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத துறைகள் நிறைய. "சிறப்பு வகுப்பு நடத்தப்பட்டது" என்று எல்லாப் பாடத்துக்கும் ஒரே வரியைப் போட்டிருப்பார்கள். நாங்கள் டிரான்ஸ்ஃபார்மர் விஷயத்தில் செய்தது சின்ன மாற்றம்: லேபில் மாணவர்கள் தாங்களே எடுத்த அளவீடுகளைத் தியரி ஆசிரியர் வாங்கி, டுடோரியலில் அதே எண்களை வைத்துக் கணக்குப் போடச் சொன்னார். லேப் தனி, தியரி தனி என்று இருந்தது மாறியது. அடுத்த பேட்ச் அதே மாதிரிக் கேள்வியில் எப்படிச் செய்தது என்று பக்கத்தில் ஒரு பத்தி எழுதிவைத்தோம். இந்த மாதிரி உண்மையான மாற்றங்கள் வருடத்துக்கு நாலைந்து இருந்தால் போதும்.

முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

மாணவர் விவரங்களை எக்ஸாம் செல்லிலிருந்து செமஸ்டருக்கு செமஸ்டர் வாங்கிவிடுங்கள். அரியர் இல்லாமல் முடித்தவர்கள், அரியரோடு ஆனால் நான்கு ஆண்டுக்குள் முடித்தவர்கள், இடையில் நின்றவர்கள், லேட்டரல் என்ட்ரியில் இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் என்று நான்கு பட்டியல் வேண்டும். மொத்தமாகக் கடைசியில் கேட்டால் எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. வேலை கிடைத்தவர்கள், மேற்படிப்புக்குப் போனவர்கள், சொந்தத் தொழில் தொடங்கியவர்கள் மூன்றும் கணக்கில் வரும். கையில் ஆணை இல்லாத பெயரைச் சேர்க்காதீர்கள்.

ஆசிரியர் பகுதிதான் கடினம், அதை உங்களால் தனியாகச் சரிசெய்யவும் முடியாது. 60 இடங்கள் உள்ள துறையில் 2, 3, 4-ஆம் ஆண்டு சேர்த்து 180 பேர். 20 பேருக்கு ஒருவர் என்றால் 9 ஆசிரியர்கள். 1:2:6 விகிதப்படி ஒரு பேராசிரியர், இரண்டு இணைப் பேராசிரியர், ஆறு உதவிப் பேராசிரியர். லேட்டரல் என்ட்ரி மாணவர்கள் இதற்கு மேல். இந்தக் கணக்கை ஒரே பக்கத்தில் எழுதிப் பிரின்சிபலிடம் முதல் மாதமே கொடுங்கள். நடப்பாண்டோடு முந்தைய இரண்டு ஆண்டுகளும் கணக்கில் வருவதால், என்பிஏ குழுவின் விசிட்டுக்கு முன் அவசரமாக ஆள் எடுப்பதில் பயனில்லை. ஆசிரியர்கள் தொடர்ந்து இருப்பதற்கும் மதிப்பெண் உண்டு. சம்பளத்தை இழுத்தடிக்கும் இடத்தில் யாரும் தங்க மாட்டார்கள் என்பதை நிர்வாகத்திடம் பணிவாக, ஆனால் எழுத்தில் சொல்லுங்கள். ஒரே ஆசிரியர் பெயர் பல கல்லூரிகளில் முழுநேரப் பணியாளராகக் காட்டப்பட்டதை 2024-இல் அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டுவந்தது. அதற்குப் பிறகும் பெயரளவுக்கு ஆள் காட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால், உங்கள் கையெழுத்தை அதில் போடாதீர்கள். அந்தப் பெயரில் வகுப்பே நடந்திருக்காது, நஷ்டம் மாணவனுக்கு.

லேபில் மெஷின் எத்தனை என்பதோடு சின்ன விஷயங்களையும் பாருங்கள். எங்கள் மாதிரித் துறையில் எர்த் ரெசிஸ்டன்ஸ் கடைசியாக எப்போது அளந்தீர்கள், மதிப்பு என்ன என்று பதிவு இருக்க வேண்டும். பேனலுக்கு முன்னால் ரப்பர் மேட் இருக்க வேண்டும். தீயணைப்பானின் தேதி முடிந்திருக்கக் கூடாது. அம்மீட்டர், வோல்ட்மீட்டர் எந்த நாளில் சரிபார்க்கப்பட்டது என்று சின்ன லேபிள் ஒட்டியிருக்க வேண்டும். லேப் டெக்னீஷியனை ஆரம்பம் முதலே கூட்டங்களில் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த மோட்டாருக்கு எப்போது பேரிங் மாற்றினோம் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு நமக்குத் தெரியாது.

போலிச் சான்று வேண்டாம்

மூன்று வருட மீட்டிங் மினிட்ஸை ஒரே வாரத்தில் எழுதி முடிக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. ஒரே கையெழுத்து, ஒரே மை, மூன்று வருடமும் மடிப்பே விழாத தாள். பார்த்த உடனே தெரியும். தெரியாமல் போனாலும் அது பொய்தான். நம்மிடம் காப்பி அடித்த மாணவனை என்ன செய்கிறோம்? மீட்டிங் நடக்கவில்லை என்றால் நடக்கவில்லை என்றே விடுங்கள். இந்த மாதத்திலிருந்து ஒழுங்காக நடத்தி, அதை எழுதுங்கள். ஓராண்டுக்கு உண்மையான பதிவு கையில் இருந்தால், அதை வைத்துத் தைரியமாகப் பேசலாம்.

விசிட் நாட்கள்

குழு பெரும்பாலும் மூன்று நாள் இருக்கும். ஒரு தலைவர், ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் இரண்டு மதிப்பீட்டாளர்கள். ஃபைல் பார்ப்பார்கள், லேபுக்கு வருவார்கள், மாணவர், பழைய மாணவர், பெற்றோர், வேலை கொடுத்தவர்கள் என்று தனித்தனியாகப் பேசுவார்கள். அந்த அறையில் நாம் இருக்க மாட்டோம்.

மாணவர்களுக்குப் பிஓ பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லி நச்சரிக்காதீர்கள். முதல் ஆண்டுப் பெண் ஒருத்தி தொலைநோக்கு வாசகத்தைத் தடங்கல் இல்லாமல் ஒப்பிப்பதால் யாருக்கும் எதுவும் நிரூபணம் ஆகாது. அதற்குப் பதிலாக ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கேளுங்கள்: உன் பிராஜெக்டில் நீ செய்தது என்ன? எது வேலை செய்யவில்லை? எப்படிச் சரிசெய்தாய்? தமிழில் சொல்லட்டும், பரவாயில்லை. இதைச் சொல்லத் தெரிந்த மாணவன் எந்த மதிப்பீட்டாளர் முன்னும் தடுமாற மாட்டான். இன்டர்வியூவிலும் அதே பதில்தான் அவனைக் காப்பாற்றும்.

ஃபைல்களை அளவுகோல் வாரியாக அடுக்கி, முதல் பக்கத்தில் எந்தச் சான்று எங்கே என்று ஒரு அட்டவணை வையுங்கள். கேட்டது இல்லை என்றால் "இல்லை" என்று சொல்லிவிடுங்கள். தேடுவது போல அரை மணி நேரம் ஓட்டுவது அவர்களையும் களைப்பாக்கும். சாப்பாடு, வண்டி, அறை எல்லாவற்றையும் வேறு ஒருவரிடம் ஒப்படையுங்கள். நீங்கள் அந்த மூன்று நாளும் துறையை விட்டு நகரக் கூடாது.

கடைசி நாள் நிறைவுக் கூட்டத்தில் முடிவைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் பலம், பலவீனம் இரண்டையும் பற்றிப் பேசுவார்கள். அதை ஒருவர் உட்கார்ந்து வார்த்தைக்கு வார்த்தை எழுத வேண்டும். அடுத்த வாரமே துறைக் கூட்டம் போட்டு, ஒவ்வொரு பலவீனத்துக்கும் நேராக ஒரு ஆசிரியர் பெயரும் தேதியும் குறித்துவிடுங்கள். முடிவு வர மாதங்கள் ஆகலாம், அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அங்கீகாரம் மூன்று ஆண்டு கிடைத்தாலும் ஆறு ஆண்டு கிடைத்தாலும், அடுத்த விண்ணப்பத்தில் இதைத்தான் முதலில் கேட்பார்கள். அட்டெயின்மென்ட் ஷீட், மினிட்ஸ், பட்டியல்கள் எல்லாவற்றையும் உங்கள் சொந்த லேப்டாப்பில் வைக்காமல் துறையின் பொது டிரைவில் போட்டு, இரண்டு பேருக்காவது எங்கே என்ன இருக்கிறது என்று காட்டிக்கொடுங்கள். அந்த இருவரில் ஒருவர் உங்களைவிட இளையவராக இருக்கட்டும்.